14 டாஸ்க்கில் 10 எங்கே போயின?

கேள்வி: நான்கு கோர் லேப்டாப்பில், அதன் உழைப்பை ஆராய்ச்சிக்குத் தானமாகத் தரும் பாயிங்க் மென்பொருள் போட்டு, ஐன்ஸ்டைன் அட் ஹோம், வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற இரண்டு ஆராய்ச்சித் திட்டங்களிலும் சேர்ந்திருக்கிறேன். நேற்று இரவு பட்டியலில் 14 டாஸ்க், அதாவது அந்தத் திட்டங்கள் போட்டுத் தரச் சொல்லி அனுப்பும் கணக்கு வேலைகள், இருந்தன. இன்று காலை 4 மட்டுமே தெரிகின்றன. இதை நிறுவிக் கொடுத்தவரிடம் கேட்டால், "ரீசெட் புராஜெக்ட் அழுத்துங்கள், எல்லாம் திரும்பி வரும்" என்கிறார். அழுத்தலாமா? இன்னொன்று: ஐன்ஸ்டைன் இணையதளத்தில் என் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிப் பார்த்தேன், அங்கே ஒரு டாஸ்க்கும் இல்லை, என் கணினியின் பெயரும் இல்லை. மாதாமாதம் ஏதோ தொகை வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

பதில்: ரீசெட்டைத் தொடாதீர்கள். ரிமூவ், அபார்ட் பொத்தான்களும் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த 10 டாஸ்க்கும் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கின்றன. திரைதான் காட்டவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு சொடுக்குப் போதும். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் உண்மையில் கவலைக்குரியவை. முதலில் அந்தச் சொடுக்கை முடித்துவிடுவோம்.

பாயிங்க் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் அட்வான்ஸ்டு வியூவைத் தேர்ந்தெடுங்கள். சிம்பிள் வியூவில் முழுப் பட்டியல் கிடையாது, அதில் எண்ணிப் பார்த்துப் பயனில்லை. டாஸ்க்ஸ் தாவலைத் திறந்ததும் இடப்பக்கப் பொத்தான்களில் ஒன்றில் 'ஷோ ஆல் டாஸ்க்ஸ்' என்றோ 'ஷோ ஆக்டிவ் டாஸ்க்ஸ்' என்றோ எழுதியிருக்கும். இரண்டும் ஒரே பொத்தான்தான். இப்போது திரையில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது, அழுத்தினால் என்ன வரும் என்பதைச் சொல்லும். 'ஷோ ஆல் டாஸ்க்ஸ்' என்று இருந்தால், இப்போது எல்லாம் தெரியவில்லை, வடிகட்டி போட்டிருக்கிறது என்று பொருள். நேற்று ஏதோ ஒரு நேரத்தில் கை பட்டு மாறியிருக்கும். ஓடத் தொடங்கிய டாஸ்க்குகள் மட்டும் திரையில் தங்கி, 'ரெடி டு ஸ்டார்ட்' நிலையில் வரிசையில் காத்திருப்பவை மறைந்துவிடும். ஒரு கோர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை ஓட்டும், நான்கு கோருக்கு நான்கு டாஸ்க். நீங்கள் எழுதிய எண்ணிக்கை அப்படியே பொருந்துகிறது.

'10 டாஸ்க் மறைக்கப்பட்டுள்ளன' என்று பட்டியலின் அடியில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேர் ரீசெட் வரை போயிருக்க மாட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய மென்பொருள் இது. அந்த ஒரு வரியை எழுத இத்தனை ஆண்டு போதவில்லை போலிருக்கிறது.

பொத்தானை அழுத்தியபின் 14க்குப் பதில் 9 அல்லது 11 வந்தாலும் பதற வேண்டாம். இரவில் சில முடிந்திருக்கும். முடிந்த டாஸ்க் முதலில் 'அப்லோடிங்' என்று காட்டும், பிறகு 'ரெடி டு ரிப்போர்ட்' என்று நிற்கும், அடுத்த முறை திட்டத்தின் சர்வரோடு பேசும்போது கணக்கு ஒப்படைக்கப்பட்டுப் பட்டியலை விட்டுப் போய்விடும். அப்படிப் போனது தொலைந்ததல்ல, போய்ச் சேர்ந்தது.

போன இடத்துக்கு மறுபடி ஏன் நிரப்பவில்லை என்பது அடுத்து வரும் சந்தேகம். ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும்: 'ஸ்டோர் அட் லீஸ்ட்' இத்தனை நாள் வேலை, அதற்கு மேல் 'அடிஷனல்' இத்தனை நாள். யாரும் மாற்றாவிட்டால் 0.1, 0.5 என்று இருக்கும். கையிருப்பு முதல் எண்ணுக்குக் கீழே இறங்கும்வரை பாயிங்க் புதிதாக எதையும் கேட்காது. இறங்கியதும் இரண்டையும் கூட்டிய அளவுக்கு ஒரே மூச்சில் வாங்கிப் போட்டுக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டியில் மிதவை வைத்த மோட்டார் ஓடுவது போலத்தான். அதனால் பட்டியல் 14இலிருந்து மெதுவாக வற்றுவதும் திடீரென்று நிறைவதும் இயல்பு. எப்போதும் 14 இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த இரண்டு எண்களும் தெரியாது.

சிலர் இரண்டு எண்ணையும் 10, 10 என்று ஏற்றிவிடுவார்கள். மூன்று நாள் கெடு வைக்கும் திட்டத்தில் 20 நாள் வேலையை வாங்கிக் குவித்தால் அதில் பெரும்பகுதி கெடு தாண்டிப் போகும். தொடங்காமலே கெடு தாண்டியதை பாயிங்க் ரத்துசெய்யும். வேறு கணினி விடையைத் தந்துவிட்டால் சர்வரே 'இனிப் பயனில்லை' என்று திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. அப்போது டாஸ்க் உண்மையாகவே காணாமல் போகும், அதுவும் உங்களைக் கேட்காமல். நாள் முழுக்க இணையம் இருக்கும் வீட்டில் 0.5, 0.5 தாராளம்.

என்ன நடந்தது என்று ஊகிக்கவே வேண்டியதில்லை, எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. டூல்ஸ் மெனுவில் ஈவென்ட் லாக் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். 'நாட் ரிக்வெஸ்டிங் டாஸ்க்ஸ்: டோன்ட் நீட்' என்றால் கையிருப்புப் போதும் என்று கணினியே கேட்கவில்லை. 'புராஜெக்ட் ஹேஸ் நோ டாஸ்க்ஸ் அவெய்லபிள்' என்றால் கேட்டது, அங்கே சரக்கு இல்லை. வட்டில் இடமோ நினைவகமோ போதவில்லை என்றால் எத்தனை எம்பி குறைகிறது என்றே எழுதியிருக்கும். 'திஸ் கம்ப்யூட்டர் ஹேஸ் ரீச்டு எ லிமிட் ஆன் டாஸ்க்ஸ் இன் புராக்ரஸ்' என்ற வரியை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வரும். அப்டேட் பொத்தானைக் கதவு தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தால் 'லாஸ்ட் ரிக்வெஸ்ட் டூ ரீசன்ட்' என்று சர்வர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருமுறை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

சரக்கே இல்லாத திட்டங்களும் உண்டு. 1999இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31ஓடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை 2004இல் ஐபிஎம் தொடங்கியது. இப்போது அது டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த இடமாற்றத்துக்காக 2022இல் மாதக்கணக்கில் வேலை தராமல் கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் காலநிலைத் திட்டத்தில் வேலை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. செர்னின் எல்எச்சி அட் ஹோமில் பெரும்பாலான வேலைகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைத் தனியாக நிறுவியிருக்க வேண்டும். இவற்றில் எதையும் உங்கள் லேப்டாப்பில் பழுதாக எண்ணி நோண்டாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசி விஷயங்களுக்கு வருவோம்.

லேப்டாப்பில் டாஸ்க் ஓடுகிறது, உங்கள் கணக்கில் ஒன்றுமில்லை, கணினியின் பெயரும் இல்லை. சர்வர் இதில் தடுமாறாது. எந்தக் கணக்கின் சாவியோடு, அதாவது அடையாளக் குறியீட்டோடு, கணினி வந்ததோ அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளும். புராஜெக்ட்ஸ் தாவலைத் திறந்து 'அக்கவுன்ட்' என்று தலைப்பிட்ட பத்தியை, அதாவது நெடுவரிசையை, பாருங்கள். அங்கே இருப்பது உங்கள் பெயரா? இல்லை என்றே நினைக்கிறேன்.

பாயிங்க் ஒவ்வொரு திட்டத்துக்கும் 'அக்கவுன்ட்' என்று தொடங்கும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பை வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் அது சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள், பாயிங்க் ஃபோல்டரில் இருக்கும். கணக்கின் சாவி அதற்குள்தான். பெயர், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அந்த ஒரு கோப்பை நகலெடுத்து எத்தனை கணினியில் போட்டாலும் அத்தனையும் ஒரே கணக்கில் சேர்ந்துகொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கணினிக்கு ஒரே நாளில் நிறுவ இது நல்ல வசதி. 'ரெடிமேட் பேக்' என்று பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவிக் கொடுப்பவருக்கும் இதே வசதிதான். உங்கள் மின்சாரம், உங்கள் லேப்டாப்பின் சூடு, முடித்த வேலைக்குக் கிடைக்கும் புள்ளி மட்டும் அவர் கணக்கில். புள்ளிப் பட்டியலில் மேலே ஏறும் ஆசைக்காகவே இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிட மோசமானது அக்கவுன்ட் மேனேஜர் வழியாகக் கட்டிப் போடுவது. இது ஒரு கூட்டுச் சாவி. பல திட்டங்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க பாயிங்க் ஸ்டாட்ஸ் தளத்தின் 'பேம்', பெர்க்லியின் 'சயின்ஸ் யுனைட்டட்' போன்றவை நேர்மையாக நடத்தப்படுகின்றன, அவற்றில் குற்றமில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். அது வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடி உங்கள் லேப்டாப்பில் புதுத் திட்டத்தைச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம். நீக்கினால் ஓடிக்கொண்டிருந்த டாஸ்க் அத்தனையும் போகும். 'நேற்று இருந்தது இன்று இல்லை' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் ஓர் அமைப்பை மாற்றினால் அடுத்த ஒத்திசைவில் அது பழையபடி ஆகிவிடும். சேர்க்கப்படும் திட்டம் எதுவானாலும் அதன் நிரல் உங்கள் கணினியில்தான் ஓடும் என்பதையும் யோசியுங்கள். கண்டுபிடிக்க, டூல்ஸ் மெனுவைத் திறந்து 'ஸ்டாப் யூசிங்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேனேஜர் பூட்டியிருக்கிறது. அதன் வழியே வந்த திட்டங்களுக்கு ரிமூவ் பொத்தானும் மங்கிக் கிடக்கும்.

தொகை வருமா? வராது. தன்னார்வக் கணிப்பு என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. பாயிங்க் கொடுப்பது கிரெடிட் என்ற புள்ளி மட்டும். நொடிக்கு 100 கோடிக் கணக்குகள் போடும் ஓர் அளவுகோல் கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 புள்ளி என்பது அதன் வரையறை. அதற்கு ஒரு பைசா மதிப்பில்லை, கடையில் மாற்ற முடியாது. கிரிட்காயின் என்று ஒரு கிரிப்டோ நாணயம் பாயிங்க் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வழங்கப்படுகிறது, உண்மைதான். ஆனால் அது ஐன்ஸ்டைன் திட்டமோ வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டோ தருவதல்ல. அந்த நாணயத்தை வைத்துக்கொள்ள வாலட் என்ற தனி மென்பொருள் வேண்டும். அதுவும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். லேப்டாப் நாள் முழுக்க இழுக்கும் மின்சாரத்தின் கட்டணத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே 'மாத வருமானம்' என்ற பேச்சு நின்றுவிடும். நிறுவக் கூலி வாங்கினால் அது அவர் உழைப்புக்கு, கொடுத்துவிட்டுப் போகலாம். வருமானம் என்று சொல்லி வாங்கினால் ஏமாற்று. மென்பொருள் இலவசம். பெர்க்லி தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ள முடியும்.

ரீசெட் விஷயத்தில் நிறுவிக் கொடுத்தவர் சொன்னது ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவரைப் போலவே சொல்பவர்கள் நிறையப் பேர். ரீசெட் புராஜெக்ட் என்பது அந்தத் திட்டத்தின் எல்லா டாஸ்க்குகளையும், நிரல் கோப்புகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கும். 80 சதவீதம் முடிந்த டாஸ்க்கும் போகும், முடிந்து ஒப்படைக்கக் காத்திருப்பதும் போகும். சில சர்வர்கள் அழிந்த டாஸ்க்கை மறுபடி அனுப்பிவைக்கும் என்பதால் 'பாருங்கள், திரும்பி வந்துவிட்டது' என்று காட்டலாம். வந்தது பூஜ்ஜியத்திலிருந்து.

ஒரே ஒரு சூழலில் ரீசெட் சரி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பாதி கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஒரே திட்டத்தின் டாஸ்க் ஒவ்வொன்றும் தொடங்கிய சில நொடிகளிலேயே 'கம்ப்யூட்டேஷன் எரர்' என்று விழுகிறது. மற்றத் திட்டம் அதே லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நிரல் கோப்பு கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ, வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பிடித்து அடைத்துவைத்தாலோ இப்படி ஆகும். எல்லாத் திட்டமும் விழுகிறது என்றால் அது சூடு, நினைவகக் கோளாறு வகை. ரீசெட் அதைத் தொடாது. ஒன்றிரண்டு மட்டும் விழுந்தால் அனுப்பியவர்களின் டாஸ்க்கே கோளாறாக இருக்கலாம். திட்டத்தின் தளத்தில் அதே டாஸ்க் மற்றவர்களிடமும் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படியே நிரல்தான் கெட்டது என்று ஆனாலும், முதலில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்தி, ஓடக்கூடிய டாஸ்க் ஏதாவது இருந்தால் முடியவிட்டு, அப்லோட் ஆகி, அப்டேட் அழுத்தி ஒப்படைத்து, அந்தத் திட்டத்தின் பட்டியல் காலியான பிறகு ரீசெட். வைரஸ் தடுப்பில் பாயிங்க் டேட்டா ஃபோல்டரை விலக்கிவைக்காமல் ரீசெட் செய்தால் புதிதாக இறங்குவதும் அதே சிறைக்குத்தான் போகும். உங்களுடையது இந்தச் சூழல் அல்ல. நான்கு டாஸ்க் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஏற்கெனவே அழுத்திவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியில் இல்லாமல், சர்வரில் மட்டும் 'இன் புராக்ரஸ்' என்று நிற்கும் டாஸ்க்கைப் பேய் டாஸ்க் என்பார்கள். மென்பொருளை அழித்து வேறு ஃபோல்டரில் நிறுவினாலும், சர்வர் அனுப்பிய பதில் வழியில் இணையம் அறுந்து வந்து சேராவிட்டாலும் இது உருவாகும். ஒருமுறை அப்டேட் அழுத்துங்கள். 'ரீசென்ட் லாஸ்ட் டாஸ்க்' (தொலைந்த டாஸ்க்கை மறுபடி அனுப்பியாயிற்று) என்று லாக்கில் வந்தால் திரும்பி வருகிறது. வராவிட்டால் செய்ய ஒன்றுமில்லை. கெடு முடிந்ததும் சர்வர் வேறு கணினிக்கு அனுப்பிவிடும். ஆராய்ச்சிக்கு நஷ்டம் தாமதம் மட்டும்தான். ஆனால் அதுவரை உங்கள் பெயரில் எண்ணிக்கை நிற்பதால் மேலே சொன்ன 'ரீச்டு எ லிமிட்' வரி வந்து புது வேலை மறுக்கப்படலாம். கணினியில் நான்கு டாஸ்க்கூட இல்லை, எல்லையைத் தொட்டுவிட்டாய் என்கிறது சர்வர். அந்தப் பேய்களை நாமே அழிக்க ஒரு பொத்தான் வைக்கலாம், வைக்கவில்லை.

உங்கள் லேப்டாப்பில் செய்ய வேண்டியது இதுதான். அக்கவுன்ட் பத்தியில் வேறு பெயர் இருந்தால் இரண்டு திட்டத்தையும் தேர்ந்தெடுத்து 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்துங்கள். கையிலிருக்கும் டாஸ்க் அத்தனையையும் முடியவிடுங்கள். புள்ளி அவருக்குப் போகட்டும், விடை ஆராய்ச்சிக்குத்தானே போகிறது. பட்டியல் காலியானதும் அப்டேட் அழுத்தி, ஒப்படைத்துவிட்டதை ஈவென்ட் லாக்கில் உறுதிசெய்துகொள்ளுங்கள். டூல்ஸ் மெனுவில் 'ஸ்டாப் யூசிங்' இருந்தால் அதை முதலில், பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் ரிமூவ். அவர் நிறுவிய பாயிங்க்கையும் நீக்கி, டேட்டா ஃபோல்டரையும் அழித்துவிட்டு, பெர்க்லி தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். ஃபோல்டரை விட்டுவைத்தால் பழைய சாவிக் கோப்பும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும், புது நிறுவலும் அவர் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆட் புராஜெக்ட் கொடுத்து உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். ஐன்ஸ்டைன் சேர்ந்ததும் அக்கவுன்ட் பத்தியில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு மட்டும் அடுத்த திட்டத்தைச் சேருங்கள்.